அண்ணா பல்கலையில் மேற்படிப்பு: எம்.இ. முதல் பிஎச்.டி. வரை முழுமையான வழிகாட்டி

கடைசி வருடம் பிப்ரவரி, மார்ச்சில்தான் பலருக்கும் மேற்படிப்பு ஞாபகம் வருகிறது. அதற்குள் தேசிய அளவிலான கேட் தேர்வு முடிந்திருக்கும். டான்செட், சீட்டா ஆகிய மாநில நுழைவுத் தேர்வுகளின் விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி நெருங்கியிருக்கும். அவசரத்தில் ‘அண்ணா யுனிவர்சிட்டி எம்.இ.’ என்று மட்டும் மனதில் வைத்துக்கொண்டு, கவுன்சலிங்கில் கிடைத்த இடத்தில் சேர்ந்துவிடுகிறார்கள். அந்தப் பெயருக்குள் கிண்டி வளாகமும் இருக்கிறது, மாவட்டத்தில் உள்ள தனியார் கல்லூரியும் இருக்கிறது. பட்டத்தில் அச்சிடப்படும் பல்கலைக்கழகப் பெயர் ஒன்றுதான், ஆனால் படிப்பு ஒன்றல்ல. எந்தப் பாடம் என்று யோசிப்பதற்கு முன்பே எதற்காக, எந்த வளாகத்தில், எந்த முறையில் என்பதை முடிவு செய்துவிட்டால் மற்றதெல்லாம் எளிது. இந்த வழிகாட்டியும் அந்த வரிசையிலேயே போகிறது.

தேதி, கட்டணம், இடங்களின் எண்ணிக்கை ஆகியவை வருடத்துக்கு வருடம் மாறும். அவற்றை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே அடிப்படை அமைப்பைச் சொல்கிறேன்.

முதல் படி: எதற்காகப் படிக்கிறீர்கள்?

இதற்கு நேர்மையாகப் பதில் சொன்னால் பாதிப் பேருக்கு எம்.இ. தேவையில்லை என்று தெரிந்துவிடும். டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் பொறியியல் பணிகளுக்கான தேர்வு எழுத பி.இ. போதும். ஓ.என்.ஜி.சி., பவர்கிரிட் மாதிரியான பொதுத்துறை நிறுவனங்கள் கேட் மதிப்பெண்ணை வைத்து ஆள் எடுக்கும்போது கேட்பதும் பி.இ.தான். சாஃப்ட்வேர் கம்பெனியில் நுழைய எம்.இ. பெரிதாக உதவாது. அந்த இரண்டு வருட அனுபவம் அதைவிட அதிகம் பேசும்.

எம்.இ. உண்மையிலேயே தேவைப்படுவது மூன்று வகையினருக்கு. முதலில், பொறியியல் கல்லூரியில் ஆசிரியராக விரும்புகிறவர்கள். தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏ.ஐ.சி.டி.இ.யின் விதிப்படி உதவிப் பேராசிரியர் ஆக பி.இ., எம்.இ. இரண்டும் வேண்டும், இரண்டில் ஒன்றிலாவது முதல் வகுப்பு வேண்டும். இரண்டாவது, பி.இ.யில் தொட்டுவிட்டு மட்டும் போகிற ஒரு துறையில் ஆழமாக இறங்க வேண்டியவர்கள். கட்டட வடிவமைப்பு, மண் இயக்கவியல், உயர் மின்னழுத்தம், சிப் வடிவமைப்பான வி.எல்.எஸ்.ஐ., தொலையுணர்வு போன்றவை அப்படிப்பட்டவை. ஸ்ட்ரக்சுரல் டிசைன் அலுவலகத்தில் வேலைக்குப் போனால் எம்.இ. ஸ்ட்ரக்சுரல் படித்தவருக்கும் வெறும் பி.இ. சிவிலுக்கும் முதல் நாளே வேறு வேலைதான் தருவார்கள். மூன்றாவது, பிஎச்.டி. பண்ணப் போகிறவர்கள்.

“வேலை கிடைக்கிற வரைக்கும் ஏதாவது படிப்போம்” என்பது நான்காவது வகை. அவர்கள் கேட் தேர்வுக்கு ஒரு வருடம் உருப்படியாகப் படிப்பது நல்லது என்பது என் எண்ணம். அதே மதிப்பெண் வேலைக்கும் பயன்படும், எம்.இ.க்கும் பயன்படும்.

இரண்டாம் படி: எந்த அண்ணா பல்கலைக்கழகம்?

1978 செப்டம்பரில் நான்கு பழைய நிறுவனங்களைச் சேர்த்துத்தான் இந்தப் பல்கலைக்கழகம் உருவானது. 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டி பொறியியல் கல்லூரி, 1944இன் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, குரோம்பேட்டையில் 1949இல் சி. ராஜம் நிறுவிய மெட்ராஸ் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜி (எம்.ஐ.டி.), 1957இல் தொடங்கிய கட்டடக்கலைத் துறை ஆகியவை அந்த நான்கு. மாணவர் பேச்சில் இவை சி.இ.ஜி., ஏ.சி. டெக், எம்.ஐ.டி., எஸ்.ஏ.பி. பொதுவாக ‘கேம்பஸ்’ என்று சொன்னால் இந்த நான்கையும்தான் குறிக்கும். மூன்று கிண்டியில் ஒரே வளாகத்துக்குள் இருக்கின்றன, எம்.ஐ.டி. மட்டும் குரோம்பேட்டையில்.

அடுத்த வட்டம் மண்டல வளாகங்களும் உறுப்புக் கல்லூரிகளும். கோவை, மதுரை, திருநெல்வேலி ஆகியவை மண்டல வளாகங்கள். திருச்சியின் பி.ஐ.டி. வளாகம், விழுப்புரம், திண்டிவனம், பண்ருட்டி, பட்டுக்கோட்டை, நாகர்கோவில் போன்றவை பல்கலைக்கழகமே நடத்தும் கல்லூரிகள். நடுவில் சில வருடங்கள் கோவை, திருச்சி, திருநெல்வேலி, மதுரை எல்லாம் தனித்தனி அண்ணா பல்கலைக்கழகங்களாக இருந்தன. 2012இல் மறுபடி ஒன்றாக்கினார்கள். பழைய சான்றிதழ்களில் ‘அண்ணா பல்கலைக்கழகம், கோயம்புத்தூர்’ என்றெல்லாம் இருப்பது அதனால்தான். யாராவது அதைப் போலி என்று சொன்னால் பதற வேண்டாம்.

மூன்றாவது வட்டம் இணைப்புக் கல்லூரிகள். அரசுக் கல்லூரி, அரசு உதவி பெறும் கல்லூரி, தனியார் கல்லூரி எல்லாம் இதில் அடங்கும். இதிலேயே தன்னாட்சி பெற்றவை தங்கள் பாடத்திட்டத்தைத் தாங்களே வகுத்து, தேர்வையும் தாங்களே நடத்தும். பட்டம் மட்டும் பல்கலைக்கழகம் தரும். தன்னாட்சி இல்லாதவற்றுக்குப் பல்கலைக்கழகப் பாடத்திட்டமும் தேர்வும்.

எம்.இ.யைப் பொறுத்தவரை இந்த வேறுபாடு பி.இ.யைவிடக் கூர்மையானது. மூன்றாம் செமஸ்டரில் ப்ராஜெக்ட் முதல் கட்டம், நான்காம் செமஸ்டரில் இரண்டாம் கட்டம். அதாவது படிப்பில் பெரும்பங்கு ஆய்வகத்தோடும் கைடோடும்தான். உயர் மின்னழுத்தப் பொறியியல் எடுத்துவிட்டு உயர் மின்னழுத்த ஆய்வகமே இல்லாத இடத்தில் உட்கார்ந்தால், ப்ராஜெக்ட் முழுக்க சிமுலேஷனாகவே முடியும். ஆகவே ஒரு கல்லூரியின் பெயர் உங்கள் கவுன்சலிங் சாய்ஸ் பட்டியலில் ஏறுவதற்கு முன்பு அந்தத் துறையின் பக்கத்தில் மூன்று விஷயங்களைப் பாருங்கள். என்ன கருவிகள் இருக்கின்றன, ஆசிரியர்களில் எத்தனை பேருக்கு அந்தச் சிறப்புத் துறையிலேயே பிஎச்.டி. இருக்கிறது, போன இரண்டு வருட எம்.இ. மாணவர்கள் என்ன ப்ராஜெக்ட் செய்தார்கள். மூன்றாவது பெரும்பாலும் இணையத்தில் கிடைக்காது. துறைக்குப் போன் போட்டுக் கேட்டால் சொல்வார்கள். சொல்லத் தயங்கினால் அதுவும் ஒரு தகவல்தான்.

மூன்றாம் படி: எந்தப் படிப்பு?

எம்.இ., எம்.டெக். இரண்டும் இங்கே தரத்தில் ஒன்று. எந்தத் துறைக்கு எந்தப் பெயர் என்பது வழக்கம் மட்டுமே. முழுநேரப் படிப்பு நான்கு செமஸ்டர்.

கணினி அறிவியல், ஸ்ட்ரக்சுரல், பவர் சிஸ்டம்ஸ் போன்றவை மாநிலம் முழுக்க எங்கும் கிடைக்கும். கேம்பஸின் உண்மையான பலம் வேறெங்கும் எளிதில் கிடைக்காத படிப்புகள். எம்.ஐ.டி.யில் வானூர்திப் பொறியியல், ஏவியானிக்ஸ், ரப்பர் தொழில்நுட்பம் இருக்கின்றன. அப்துல் கலாம் வானூர்திப் பொறியியல் படித்த இடம் என்பதால் அந்தத் துறையின் பெயர் எல்லோருக்கும் தெரியும், ஆனால் ரப்பர் தொழில்நுட்பத்தைப் பற்றி விசாரிப்பவர்கள் குறைவு. டயர் கம்பெனிகள் சென்னையைச் சுற்றி நிறைந்திருக்கும்போது அது ஏன் என்று எனக்குப் புரிவதில்லை. ஏ.சி. டெக்கில் தோல் தொழில்நுட்பம். அதே சர்தார் படேல் சாலையில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தோடு சேர்ந்து நடப்பது அது. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழிலோடு நேரடித் தொடர்புள்ள படிப்பு. சி.இ.ஜி.யில் தொலையுணர்வும் புவித்தகவலியலும், நீர்வளம், மண் இயக்கவியலும் அடித்தளப் பொறியியலும் பெயர் பெற்றவை.

எஸ்.ஏ.பி.யில் எம்.ஆர்க்., நகரத் திட்டமிடலுக்கான எம்.பிளான். இதில் எம்.பிளான். பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பி.ஆர்க்., பி.பிளான்., சிவில் முடித்தவர்கள் மட்டும் சேர்வது என்றே பலர் நினைக்கிறார்கள். புவியியல், பொருளாதாரம், சமூகவியல் போன்ற பாடங்களில் முதுகலை முடித்தவர்களும் நகரத் திட்டமிடலுக்குள் வரலாம். கலைப் பிரிவிலிருந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்குள் நுழைய இப்படியொரு வாசல் இருப்பது கல்லூரிகளில் யாரும் சொல்லித்தருவதில்லை. நகர் ஊரமைப்பு இயக்ககம், சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ. போன்ற இடங்களில் திட்டமிடல் பட்டத்துக்கு மதிப்பு உண்டு. விண்ணப்பிக்கும் முன் உங்கள் முதுகலைப் பாடம் தகுதிப் பட்டியலில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எம்.சி.ஏ. இப்போது இரண்டு ஆண்டுப் படிப்பு, முன்பு மூன்று. பி.சி.ஏ., பி.எஸ்சி. கணினி அறிவியல் முடித்தவர்களுக்கு வழி நேரானது. மற்றப் பட்டதாரிகள் பிளஸ் டூவிலோ டிகிரியிலோ கணிதம் படித்திருக்க வேண்டும். எம்.பி.ஏ.வுக்கு எந்தப் பட்டமும் சரி. இரண்டுக்குமே குறைந்தபட்சம் 50 சதவீதம், இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 45.

எம்.எஸ்சி. பட்டியல் சிறியது. அதில் தனித்து நிற்பது மெடிக்கல் பிசிக்ஸ். இயற்பியல் முடித்தவர்களுக்கு நல்ல தொழில்வழி இது. புற்றுநோய் மருத்துவமனைகளில் கதிர்வீச்சு அளவைக் கணக்கிட்டு, கருவிகளைச் சரிபார்ப்பவர் மருத்துவ இயற்பியலாளர். ஆனால் எம்.எஸ்சி. முடித்த மறுநாளே வேலைக்குப் போய்விட முடியாது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரிய விதிப்படி கதிர்வீச்சு சிகிச்சைப் பிரிவில் 12 மாத இன்டர்ன்ஷிப் முடித்திருக்க வேண்டும். இரண்டு வருடம் என்று கணக்குப் போட்டு வீட்டில் சொல்லிவிடாதீர்கள், மூன்று என்று சொல்லுங்கள்.

எம்.ஃபில். இனி கிடையாது. பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2022 விதிமுறைகள் அதை நிறுத்திவிட்டன. இன்னும் யாராவது எம்.ஃபில். சேர்க்கை என்று விளம்பரம் போட்டால் பக்கத்தில் போக வேண்டாம்.

நான்காம் படி: எந்தத் தேர்வு?

மூன்று பெயர்களைக் குழப்பிக்கொள்வது சகஜம், பிரித்துச் சொல்லிவிடுகிறேன். எம்.பி.ஏ., எம்.சி.ஏ.வுக்கு டான்செட். எம்.இ., எம்.டெக்., எம்.ஆர்க்., எம்.பிளான்.க்கு சீட்டா-பி.ஜி. முன்பு எல்லாமே டான்செட்டுக்குள் இருந்தன, 2023இலிருந்து இரண்டாகப் பிரித்தார்கள். இரண்டையும் நடத்துவது அண்ணா பல்கலைக்கழகம்தான். மூன்றாவது கேட், ஐ.ஐ.டி.களும் ஐ.ஐ.எஸ்சி.யும் முறைவைத்து நடத்தும் தேசியத் தேர்வு. செல்லுபடியாகும் கேட் மதிப்பெண் கையில் இருந்தால் சீட்டா எழுத வேண்டியதில்லை.

கேட் 65 கேள்விகள், 100 மதிப்பெண், மூன்று மணி நேரம். இதில் 15 மதிப்பெண் பொது நுண்ணறிவு. மதிப்பெண் மூன்று ஆண்டுகள் செல்லும். தேர்வு பிப்ரவரியில், ஆனால் விண்ணப்பம் முந்தைய ஆகஸ்ட், செப்டம்பரிலேயே வந்துவிடும். ஏழாம் செமஸ்டர் ஆரம்பத்திலேயே முடிவெடுத்தாக வேண்டும் என்பது இதனால்தான்.

டான்செட்டும் சீட்டாவும் பேனா பிடித்து ஓ.எம்.ஆர். தாளில் எழுதுவது. 2025இல் மார்ச் 22 டான்செட், மறுநாள் சீட்டா என்று நடந்தது. இரண்டிலும் 100 கேள்விகள், இரண்டு மணி நேரம். சீட்டாவில் மூன்று பகுதிகள்: எல்லோருக்கும் பொதுவான பொறியியல் கணிதம், அடிப்படைப் பொறியியலும் அறிவியலும், அப்புறம் உங்கள் சிறப்புப் பாடம். நான்கு வருடம் முன்பு படித்த கணிதத்தை மறந்தவர்கள்தான் இங்கே அடிவாங்குவார்கள். சிறப்புப் பாடத்தை எல்லோருமே படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். இடைவெளி உண்டாவது கணிதத்தில். மாட்ரிக்ஸ், வகைக்கெழுச் சமன்பாடு, லாப்லாஸ், நிகழ்தகவு ஆகியவற்றுக்கு ஒரு மாதம் ஒதுக்குங்கள்.

தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு கழிப்பார்கள். இது சின்ன விஷயம் மாதிரி தெரியும், கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படித் தெரியாது. ஒருவர் 90 கேள்வி தொட்டு 60 சரி, 30 தவறு என்று வைத்துக்கொள்வோம். 60இலிருந்து 10 போய் 50. இன்னொருவர் 70தான் தொட்டார், 57 சரி, 13 தவறு. அவருக்கு ஏறத்தாழ 52.67. மூன்று கேள்வி குறைவாகச் சரியாக எழுதியவர் முன்னால் போய்விட்டார். அதற்காக பயந்து விட்டுவிடவும் கூடாது. நான்கு விடைகளில் இரண்டைத் தள்ள முடிந்தால் ஊகிப்பது லாபம், ஒன்றையும் தள்ள முடியாவிட்டால் சராசரியில் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. அந்த நேரத்தை வேறு கேள்விக்குக் கொடுப்பதே புத்திசாலித்தனம்.

டான்செட் எம்.பி.ஏ. தாளில் வணிகச் சூழலைப் படித்து முடிவெடுக்கும் பகுதி, வாசித்துப் புரிதல், கணக்கு, தரவு போதுமா என்று பார்ப்பது, ஆங்கிலப் பயன்பாடு என்று வரும். தமிழ்வழியில் படித்தவர்களுக்குச் சவாலாக இருப்பது பெரும்பாலும் முதல் இரண்டு பகுதிகள்தான். தினமும் ஆங்கில நாளிதழின் வணிகப் பக்கத்தில் ஒரு கட்டுரையை நேரம் வைத்துப் படித்தாலே இரண்டு மாதத்தில் வேகம் கூடிவிடும். எம்.சி.ஏ. தாள் பெரிதும் கணிதமும் தர்க்கமும் கணினி அறிவும்.

இன்னொன்று. டான்செட் மதிப்பெண் கிண்டிக்கு மட்டுமல்ல, மாநிலத்தின் அரசு, அரசு உதவி, தனியார் கல்லூரிகளில் எம்.பி.ஏ., எம்.சி.ஏ. இடங்களுக்கும் அதுதான் அடிப்படை. “நமக்கெல்லாம் கிண்டி கிடைக்காது” என்று தேர்வையே எழுதாமல் விடுவது சரியில்லை.

ஐந்தாம் படி: கவுன்சலிங்

தேர்வு எழுதியது மட்டுமே போதாது என்பது சிலருக்குத் தாமதமாகத்தான் தெரிகிறது. மதிப்பெண் வந்த பிறகு கவுன்சலிங்குக்கென்று தனியாகப் பதிவு செய்ய வேண்டும். எம்.இ. குழுமத்துக்கு டான்கா, அண்ணா பல்கலைக்கழகமே நடத்துவது. கேட் மதிப்பெண் உள்ளவர்களும் இங்கேதான் பதிய வேண்டும். எம்.பி.ஏ., எம்.சி.ஏ. கவுன்சலிங் கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி வழியாக நடக்கும். தேர்வை நடத்தியது சென்னையில், கவுன்சலிங் கோவையில். இது தெரியாமல் அண்ணா பல்கலை இணையதளத்தையே நாள்தோறும் புதுப்பித்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

இட ஒதுக்கீடு மாநிலத்தின் 69 சதவீத முறைப்படி: பி.சி. 26.5, பி.சி. முஸ்லிம் 3.5, எம்.பி.சி. மற்றும் சீர்மரபினர் 20, எஸ்.சி. 15, அருந்ததியர் 3, எஸ்.டி. 1. மீதி 31 பொதுப் பிரிவு, அதில் எல்லோரும் போட்டியிடலாம்.

சான்றிதழ்களில் சிக்கல் வருவது சாதிச் சான்றில்தான் அதிகம். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ‘சுப்பிரமணியன்’, சாதிச் சான்றில் ‘சுப்ரமணியம்’ என்று இருந்தால் சரிபார்ப்பில் நிறுத்திவிடுவார்கள். இ-சேவை மையம், கிராம நிர்வாக அலுவலர், தாலுகா அலுவலகம் என்று அது திருத்தி வர நாளாகும். டிசம்பரிலேயே எல்லாச் சான்றிதழ்களையும் மேஜையில் பரப்பி, பெயர், இனிஷியல், தகப்பனார் பெயர், பிறந்த தேதி நான்கும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். வெளிமாநிலத்தில் படித்தவர்களுக்கு இருப்பிடச் சான்று கூடுதலாகத் தேவைப்படும். கடைசி செமஸ்டர் முடிவு வராதவர்கள் விண்ணப்பிக்கலாம், ஆனால் சேரும்போது தேர்ச்சியைக் காட்டியாக வேண்டும். அரியர் இருந்தால் அந்த ஏப்ரலுக்குள் முடித்துவிடுங்கள்.

சாய்ஸ் பட்டியலில் பலரும் செய்வது, கல்லூரிப் பெயரை வைத்து வரிசைப்படுத்துவது. எம்.இ.க்கு என் பரிந்துரை வேறு. முதலில் கேம்பஸில் உங்கள் பாடம், அப்புறம் அரசு மற்றும் அரசு உதவிக் கல்லூரிகளில் அதே பாடம், அதன் பிறகே கேம்பஸில் உங்களுக்கு அவ்வளவாக விருப்பமில்லாத பாடம். பிடிக்காத துறையில் இரண்டு செமஸ்டர் ப்ராஜெக்ட் ஓட்டுவது கொடுமை. கேம்பஸிலேயே சில படிப்புகள் ‘ரெகுலர்’, சில ‘எஸ்.எஸ்.’ என்று இருக்கும். எஸ்.எஸ். என்றால் சுயநிதி, கட்டணம் கூடுதல், பட்டம் ஒன்றுதான். பட்டியலில் அந்த இரண்டெழுத்தைக் கவனிக்காமல் சாய்ஸ் கொடுத்துவிட்டுக் கட்டண ரசீதைப் பார்த்து அதிர வேண்டாம்.

வேலையில் இருப்பவர்கள்

இரண்டு வழிகள். ஒன்று பகுதிநேர எம்.இ., ஆறு செமஸ்டர், மாலை வகுப்புகள். ஆசையாக இருக்கும், ஆனால் வரைபடத்தை எடுத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஸ்ரீபெரும்புதூரில் ஷிஃப்ட் முடித்துவிட்டு கிண்டி வகுப்புக்கு நேரத்துக்கு வருவது தினப்படிப் போராட்டம். அலுவலகம் கிண்டி, அடையாறு, தரமணி பக்கம் இருப்பவர்களுக்கும், எம்.ஐ.டி. என்றால் தாம்பரம், பல்லாவரம் பக்கம் இருப்பவர்களுக்கும்தான் மூன்று வருடம் தாக்குப்பிடிக்கும். வருகைப்பதிவு அவர்களுக்கும் உண்டு.

இன்னொன்று பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்வி மையம். எம்.பி.ஏ., எம்.சி.ஏ., எம்.எஸ்சி. கணினி அறிவியல் இதில் படிக்கலாம். அங்கீகாரம் பெற்ற தொலைநிலை, இணையவழிப் பட்டங்கள் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று யு.ஜி.சி. 2022இல் தெளிவுபடுத்திவிட்டது. ஆனால் பொறியியல் பட்டம் தொலைநிலையில் கிடையாது, பிஎச்.டி.யும் கிடையாது. தொலைநிலை எம்.டெக். தருகிறோம் என்று யார் வந்தாலும் கதவைச் சாத்திவிடுங்கள். ஒரே சமயத்தில் இரண்டு பட்டம் படிக்கவும் இப்போது அனுமதி இருக்கிறது. முழுநேர எம்.இ.யோடு தொலைநிலை எம்.பி.ஏ. சட்டப்படி சரி, உடம்புக்கு சரியா என்பது வேறு விஷயம்.

ஆய்வுப் பக்கம்: எம்.எஸ்., பிஎச்.டி.

வகுப்பைக் குறைத்து ஆய்வை முன்னிறுத்தும் எம்.எஸ். என்ற வழி இருக்கிறது. பி.இ. முடித்து, இந்தத் தலைப்பில்தான் வேலை செய்யப் போகிறேன் என்று தெளிவாக இருப்பவர்களுக்கு இது பொருந்தும். பெரும்பாலோர் எம்.இ. முடித்துவிட்டு பிஎச்.டி.க்கு வருகிறார்கள்.

பிஎச்.டி.க்கு யு.ஜி.சி.யின் 2022 விதிமுறைதான் சட்டகம். முதுநிலையில் 55 சதவீதம் வேண்டும், இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 சதவீதம் தளர்வு. நான்காண்டுப் பட்டத்தில் 75 சதவீதம் எடுத்தவர்களும் நேரடியாக விண்ணப்பிக்கலாம் என்று அந்த விதி சொல்கிறது. குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு. கோர்ஸ்வொர்க், அதாவது ஆய்வோடு படித்து முடிக்க வேண்டிய பாடங்கள், குறைந்தது 12 கிரெடிட். பகுதிநேரம் சேர்பவர்கள் வேலை செய்யும் நிறுவனத்திலிருந்து தடையின்மைச் சான்று தர வேண்டும். ஒரு நேரத்தில் பேராசிரியர் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் மட்டுமே கைடாக இருக்கலாம். ஆகவே நல்ல கைடிடம் இடம் காலியாகும் வரை காத்திருப்பது இங்கே வழக்கம்.

அண்ணா பல்கலையில் ஜனவரி, ஜூலை என்று இரண்டு பருவங்களில் ஆராய்ச்சி மையத்தின் வழியாகச் சேர்க்கை. கேம்பஸ் துறைகளிலும் செய்யலாம், அங்கீகரிக்கப்பட்ட ஆய்வு மையம் உள்ள இணைப்புக் கல்லூரிகளிலும் செய்யலாம். சேர்ந்ததும் ஆய்வுக் குழு அமையும். அது கோர்ஸ்வொர்க் பாடங்களை முடிவு செய்யும். பாடங்கள், பதிவு உறுதிப்படுத்தல், கட்டுரை வெளியீடு, சுருக்க அறிக்கை, ஆய்வேடு, வெளித் தேர்வாளர்கள், கடைசியாக எல்லோர் முன்னும் வைவா என்று போகும்.

இதில் எல்லாவற்றையும்விட முக்கியம் கைடு. தலைப்பை ஆறு மாதத்தில் மாற்றிக்கொள்ளலாம், கைடை மாற்றுவது அவ்வளவு சுலபமில்லை. கைடைப் பற்றி அவரிடமே கேட்க முடியாததை ‘சோத்கங்கா’ சொல்லிவிடும். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளை இன்ஃப்ளிப்நெட் சேர்த்து வைத்திருக்கும் இலவசக் களஞ்சியம் அது. அதில் அண்ணா பல்கலைக்கழகம், துறை, கைடு பெயர் என்று தேடினால் அவரிடம் முடித்தவர்களின் ஆய்வேடுகள் வரிசையாக வரும். மூன்றைத் திறந்து பாருங்கள். எல்லாத் தலைப்பும் ஒரே கருவியை, ஒரே அல்காரிதத்தைச் சுற்றுகின்றனவா, அல்லது ஒவ்வொன்றும் வேறு கேள்வியா? கடைசியில் உள்ள வெளியீட்டுப் பட்டியலில் இருக்கும் இதழ்கள் உங்கள் துறைக்காரர்கள் படிப்பவையா? நன்றியுரையையும் விடாதீர்கள். எந்த ஆய்வகம் உதவியது, யார் பணம் கொடுத்தது என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். பிறகு அந்தக் கைடிடம் இப்போது இருக்கும் ஸ்காலர் ஒருவரைக் கேன்டீனில் பிடித்து, “சார் டிராஃப்ட் கொடுத்தா எத்தனை நாள்ல திருப்பித் தருவார்?” என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்விக்கு வரும் பதில் ஆறு வருடத்தைக் காப்பாற்றும்.

கலை, அறிவியல் துறையினர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உதவிப் பேராசிரியர் பணிக்கு நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) குறைந்தபட்சத் தகுதி என்று 2023 ஜூலையில் யு.ஜி.சி. மறுபடி அறிவித்தது. நெட் தேர்விலேயே 2024 ஜூன் முதல் மூன்று அடுக்குகள்: ஆய்வு உதவித்தொகையான ஜே.ஆர்.எஃப்., உதவிப் பேராசிரியர் தகுதி, பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும். கடைசி அடுக்கின் மதிப்பெண் ஓராண்டுதான் செல்லும். வாங்கி வைத்துக்கொண்டு ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று விட்டால் காலாவதியாகிவிடும்.

பணம்

கேட் மூலம் முழுநேர எம்.இ. சேர்ந்தவர்களுக்கு ஏ.ஐ.சி.டி.இ. மாதம் 12,400 ரூபாய் ஸ்டைபெண்ட் தருகிறது, 24 மாதம் வரை. பதிலுக்கு வாரத்தில் சில மணி நேரம் ஆய்வக, கற்பித்தல் உதவி செய்ய வேண்டும். சீட்டா மூலம் சேர்ந்தவர்களுக்கு இது கிடையாது. இரண்டு வருடத்தில் சுமார் மூன்று லட்ச ரூபாய் வித்தியாசம் என்று கணக்குப் போட்டால், கேட் தேர்வுக்கு ஏன் அவ்வளவு சொன்னேன் என்று புரியும். வேலை செய்யும் நிறுவனம் ஸ்பான்சர் செய்து அனுப்பியவர்களுக்கும் கிடையாது. சேரும் கல்லூரி ஏ.ஐ.சி.டி.இ. அங்கீகாரம் பெற்றதாகவும், சேரும் நாளில் கேட் மதிப்பெண் செல்லுபடியாவதாகவும் இருக்க வேண்டும்.

ஆய்வாளர்களில் ஜே.ஆர்.எஃப். பெற்றவர்களுக்கு முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000, பிறகு 42,000 ரூபாய், கூடவே வீட்டு வாடகைப் படி. கேம்பஸ் முழுநேர ஆய்வாளர்களுக்கு அண்ணா நூற்றாண்டு ஆய்வு உதவித்தொகை என்ற பல்கலைக்கழகத் திட்டமும் உண்டு. இவை இரண்டும் இல்லாவிட்டால், அரசு நிதியில் நடக்கும் ஆய்வுத் திட்டங்களில் திட்ட ஆய்வாளராகச் சேர்ந்து, அந்த வேலையையே பிஎச்.டி.யாக மாற்றிக்கொள்பவர்கள் நிறைய.

எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை இருக்கிறது. மத்தியத் திட்டத்தில் குடும்ப ஆண்டு வருமான வரம்பு 2.5 லட்சம். வருமானச் சான்று அந்த ஆண்டுக்கானதாக இருக்க வேண்டும் என்பதால், ஜூனிலேயே எடுத்து வைத்துவிடுங்கள். கல்விக்கடன் 4 லட்சம் வரை என்றால் வங்கி அடமானம் கேட்கக் கூடாது. வித்யாலட்சுமி தளத்தில் விண்ணப்பித்துவிட்டு, ஒப்புகை எண்ணோடு கிளைக்குப் போனால் “அப்புறம் வாங்க” என்று சொல்வது குறையும்.

சேர்ந்த முதல் வாரத்தில் ஒரு வேலை பாக்கி இருக்கும். ஸ்டைபெண்ட் தானாக வராது. கல்லூரி உங்களை ஏ.ஐ.சி.டி.இ. தளத்தில் பதிந்து, ஐ.டி. உருவாக்கி, கேட் மதிப்பெண் அட்டை, வங்கிக் கணக்கு விவரம், தேவைப்பட்டால் சாதிச் சான்று எல்லாவற்றையும் ஏற்ற வேண்டும். வங்கிக் கணக்கு உங்கள் பெயரில், ஆதார் இணைத்த சாதாரண சேமிப்புக் கணக்காக இருக்க வேண்டும். மாணவர்களுக்கென்று தரப்படும் வரம்புள்ள கணக்கோ, அப்பாவோடு சேர்ந்த கூட்டுக் கணக்கோ சரிப்படாது. பதிவுக்குக் கடைசித் தேதி உண்டு, அது தாண்டினால் கெஞ்சிப் பயனில்லை. அலுவலகத்தில் யார் இதைப் பார்க்கிறார் என்று விசாரித்து, பதிந்துவிட்டதாக உங்கள் ஐ.டி.யைக் கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள்.